கன்னியாவில் இரண்டாம் சுற்று

அப்பாவின் அந்தியேட்டிக்காகப் போன மாதம் திருகோணமலைக்குப் போய் வந்தேன். அப்பா காலமாகி முப்பத்தோராம் நாள் செய்யும் கிரியை அது. பஸ்ஸிலும் ரயிலிலும் அலைந்து, எந்த ஊரில் நல்ல தேநீர் கிடைக்கும், எந்தப் பஸ்ஸில் இடுப்பு முறியும் என்று எழுதுகிற ஆள் நான். கிரியைக்குப் போனதையும் எழுதுவதா என்று சில நாட்கள் இழுபட்டேன். கன்னியா வெந்நீரூற்றுக்கு எப்படிப் போவது என்று உங்களில் சிலர் முன்பே கேட்டிருந்தீர்கள். அதைவிட, என்னைப் போன்ற உடம்போடு அங்கே போகிறவர்கள் இருக்கக்கூடும். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

என்னைப் போன்ற உடம்பு என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஓ.சி.டி. இருக்கிறது. உடனே கிருமிக்குப் பயந்து கைகழுவுகிற ஆளை நினைக்கவேண்டாம். புறக்கோட்டைத் தெருவோரத்தில் வெட்டி விற்கும் அன்னாசியை ஈயோடு பங்குபோட்டுச் சாப்பிடுகிறவன் நான். எனக்கு வருவது பயம் இல்லை, ஓர் உணர்வு. வலது முழங்கை மேசையில் இடித்தால் இடது முழங்கையும் அதே இடத்தில், அதே அளவில் இடிபட்டாகவேண்டும். இல்லாவிட்டால் தோலுக்குள்ளிருந்து ஒன்று ‘சரியில்லை, சரியில்லை’ என்று அரிக்கும். தும்மல் வரப்பார்த்து வராமல் நிற்கும் ஒரு நொடி இருக்கிறதே, அந்த நொடி மணிக்கணக்கில் நீண்டால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படி.

கொழும்பில் என்னைப் பார்க்கும் டொக்டர் அம்மா இதை ஒருநாள் கடதாசியில் படம் கீறி விளங்கப்படுத்தினார். மூளையின் பக்கவாட்டில், மடிப்புக்குள் ஒளிந்தபடி இன்சுலா என்றொரு பகுதி இருக்கிறதாம். பசி, நெஞ்சுத் துடிப்பு, அருவருப்பு என்று உடம்பின் உள்ளேயிருந்து வரும் செய்திகளெல்லாம் அங்கே வந்து சேருமாம். உச்சியில் காதுக்குக் காது போட்ட பட்டைபோலத் தொடுகைக்கும் அசைவுக்குமான பகுதிகள். நாம் ஒரு காரியத்தைச் செய்ததும், ‘செய்தாயிற்று’ என்ற செய்தியோடு ‘சரி, போதும்’ என்ற உணர்வும் சேர்ந்து வரவேண்டும். என்னைப் போன்றவர்களில் இந்தப் பகுதிகளின் இயக்கம் வேறுமாதிரி இருப்பதாக ஆராய்கிறவர்கள் காண்கிறார்களாம். முழுக்கதையும் இன்னும் தெரியாது என்றும் சொன்னார். “செய்தது உங்களுக்குத் தெரியும். போதும் என்றதுதான் வந்து சேரேல்லை. அது வரும்வரைக்கும் நீங்கள் திரும்பத் திரும்பச் செய்யிறீங்கள்” என்றார். எனக்குப் பைத்தியம் இல்லை என்று அன்றைக்குத்தான் முழுதாக நம்பினேன்.

அந்தியேட்டியை நினைத்து நடுங்கியதற்குக் காரணம் இதுதான். கிரியை முழுவதும் வலக்கைதான். தர்ப்பை மோதிரம் வலது மோதிர விரலில் மட்டும். எள்ளும் தண்ணீரும் இறைப்பது வலக்கையால் மட்டும். அது முடிந்ததும் கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் அள்ளிக் குளிக்கவேண்டும், ஏழும் ஏழு விதமான சூடு. என்னைச் சிக்கவைக்க யாரோ உட்கார்ந்து திட்டம்போட்ட மாதிரி இருக்கிறது, இல்லையா? பூட்டிய கதவைத் திரும்பிப்போய்ப் பார்க்கலாம். அந்தியேட்டிக்குத் திரும்பிப் போக முடியாது. அப்பாவின் கிரியை முடியவில்லை என்ற உணர்வோடு வீடு வந்தால், அதை வாழ்நாள் முழுக்கத் தோலில் வைத்துக்கொண்டு திரியவேண்டும் என்று பயந்தேன். சித்தப்பா தொலைபேசியில், “கொழும்பில இருந்து வந்து கரைச்சல்படாதையும், நான் செய்யிறன்” என்று சொல்லியிருந்தார். அவருக்கு என் வருத்தம், அதாவது என் நோய், தெரியாது. நானே செய்கிறேன் என்றேன்.

கொழும்பிலிருந்து காலை ஆறரைக்குப் புறப்படும் சாதாரண பஸ். நான் போன நாளில் கட்டணம் 1,050 ரூபாய். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக ஏறக்குறைய 260 கிலோமீற்றர். ஏழு மணித்தியாலம் ஓடியது. ஒரு புத்திமதி: காலைப் பஸ்ஸில் இடப்பக்கம் உட்காருங்கள். நான் வலப்பக்க ஜன்னலில் மாட்டிக்கொண்டேன். தம்புள்ளை தாண்டும்வரை வெயில் வலது கன்னத்தில் மட்டும் அடித்தது. இடது கன்னம் தன் பங்கைக் கேட்டுக்கொண்டேயிருந்தது. ஹபரணையில் தேநீருக்கு நிறுத்தியபோது, வெயிலுக்கு இடது கன்னத்தைக் காட்டியபடி பஸ்ஸோடு ஒட்டி நின்றேன். கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கந்தளாய்க் குளத்துக் காற்று உள்ளே வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன்.

தங்கச்சி மாலினியின் வீடு உட்துறைமுக வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் இருக்கிறது. அப்பா கடைசிவரை அங்கேதான் இருந்தார். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர். ஓய்வுபெற்ற பிறகும் கப்பலின் ஊதல் கேட்டால் கதிரையை விட்டு எழும்பிப் படலைவரை போய்ப் பார்ப்பாராம். என் வருத்தத்தின் பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால் என் தோளில் ஒரு பக்கம் தட்டினால், உடனே மற்றப் பக்கமும் தட்டிவிடுவார். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டார் இப்படி ஈடுகட்டிக்கொடுப்பது வருத்தத்தை வளர்க்கும் என்று டொக்டர் அம்மா பின்னாளில் சொன்னார். உண்மையாக இருக்கலாம். எனக்கு அது பாசமாகத்தான் இருந்தது.

மாலினிக்கு எல்லாம் தெரியும். அன்று பின்னேரம் தேநீரை வைத்துக்கொண்டு அவளிடம் ஒரு விஷயம் கேட்டேன்.

“நாளைக்கு நான் உன்னைப் பாத்து ‘சரியா வந்ததா’ எண்டு கேப்பன். நீ ஒண்டும் சொல்லக்கூடாது.”

“ஓம் எண்டு சொன்னால் என்ன, அண்ணா? வாயாலதானே.”

“ஒருக்காச் சொன்னா நூறு தரம் கேப்பன்.”

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். “நீங்கள் அந்தரப்படுறதைப் பாத்துக்கொண்டு சும்மா நிக்கிறது லேசில்லை. சரி, நிக்கிறன்” என்றாள்.

மறுநாள் காலை ஆறேகாலுக்கு வான் வந்தது. போய்வர 4,000 ரூபாய். ஓட்டி வந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த நிஸார். சித்தப்பா, மாலினி, நான், மடியில் பிண்டத்துக்கான அரிசிமாவும் எள்ளும். நகரத்திலிருந்து அநுராதபுர வீதியில் எட்டுக் கிலோமீற்றர் அளவில் கன்னியாவுக்குத் திரும்பும் சந்தி வரும். பிரதான வீதியிலிருந்து உள்ளே சிறிது தூரம்தான், பஸ்ஸில் வருகிறவர்கள் சந்தியில் இறங்கி நடக்கலாம். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அந்த நேரத்திலேயே சூடாக அடித்தது.

“எத்தின மணிக்குத் திரும்பவேணும் சேர்?” என்று நிஸார் கேட்டார்.

“பத்து மணிக்கு வீட்டில நிக்கவேணும். ஆக்கள் சாப்பாட்டுக்கு வருவினம். பிந்தினால்?” என்று இழுத்தேன்.

“அவசரப்படாதீங்க சேர். மௌத்தான ஆக்கள்ர காரியத்துக்கு வந்தா நான் மணி பாக்கிறல்ல.”

அவருக்கு நேரம் பிரச்சினை இல்லை. கிரியை செய்ய அங்கே வந்து காத்திருந்த குருக்கள் ஐயாவுக்கு இருந்தது. எங்கள் வீட்டுக் கிருத்தியத்தையும் முடித்துக்கொண்டு, பின்னேரம் அவர் மூதூர்ப் பக்கம் போகவேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்.

கிணறுகளுக்கு வெளியே ஒரு மரநிழலில் கிரியை தொடங்கியது. தர்ப்பை மோதிரத்தை விரலில் போட்ட கணமே இடது மோதிர விரல் விழித்துக்கொண்டது. புல் அறுக்கிற அந்த மெல்லிய உணர்வு தனக்கும் வேண்டும் என்றது. இடது கட்டைவிரல் நகத்தால் அந்த விரலைக் கீறினால் கொஞ்சம் அடங்கும் என்று தெரியும். கீறக்கூடாது என்று கையை விரித்துத் தொடைமேல் வைத்தேன். எள்ளும் தண்ணீரும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவால் வழிந்தன. ஓர் எள் வலது உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. அப்பாவின் பெயரைச் சொல்லச் சொன்னார் குருக்கள். சொன்னேன். சரியாகச் சொன்னேனா? மாலினியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவள் கையிலிருந்த துவாயின் ஓரம் முறுக்கேறிக்கொண்டிருந்தது.

“ஐயா, இன்னொருக்கா இறைக்கலாமா?” என்று கேட்டுவிட்டேன்.

“முறைக்கு மூண்டு தரம் இறைச்சாச்சுது, தம்பி. மனக்குறை எண்டா இன்னொருக்கா இறையுங்கோ” என்றார் அவர் நல்ல மனதோடு.

இறைத்தேன். ஒன்றும் அடங்கவில்லை. அடங்காது என்பது எனக்கே தெரியும். சித்தப்பா பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் பாசத்தைப் பார்த்து உருகிவிட்டார் என்று நினைக்கிறேன். நான் உள்ளங்கையில் ஒட்டிய ஓர் எள்ளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒருவழியாக மோதிரத்தைக் கழற்றி முடிச்சவிழ்த்துப் போட்டாயிற்று. பிண்டத்தைக் கடலில் கரைப்பதற்காகச் சித்தப்பா வாங்கிவைத்துக்கொண்டார். இனிக் குளிப்பு மட்டும்தான்.

கன்னியாவைப் பார்க்காதவர்களுக்கு: ஆழ்கிணறுகளை எதிர்பார்க்காதீர்கள். இடுப்பளவுகூட இல்லாத கட்டுகளுக்குள் சின்னச் சின்னச் சதுரக் குழிகள். எட்டிப்பார்த்தால் அடி தெரியும். சவர்க்காரம் போடக்கூடாது. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றவேண்டியதுதான். ஒன்றில் இளஞ்சூடு, ஒன்றில் முதல் வாளிக்குத் தோள் துள்ளும். இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்று சொல்வார்கள். அன்றைக்கு நாங்களும், எங்களுக்குப் பின்னால் கந்தளாயிலிருந்து வந்த ஒரு குடும்பமும்தான் காலையிலேயே வந்திருந்தோம். அந்தக் குடும்பத்தில் என் வயதுள்ள ஒருவர், தலை மழித்து, ஈர வேட்டியோடு எனக்குப் பின்னால் நின்றார். சிவராசா என்று பெயர், லொறி ஓட்டுகிறவர், தாய்க்கு அந்தியேட்டி. இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

முதற்சுற்று நன்றாகத்தான் போனது, சூடு கூடிய கிணற்றை எட்டும்வரை. வாளி கொஞ்சம் சரிந்து தண்ணீர் முழுக்க வலது தோளில் கொட்டியது. இடது தோளில் துளிதான் பட்டது. அடுத்த கிணறுகளில் இடது பக்கம் பார்த்து ஊற்றினேன். ஆனால் அது வேறு சூடு. ஏழாவது முடிந்ததும் வெளியே போகாமல் சூடான கிணற்றுக்குத் திரும்பினேன். இடது தோளில் ஊற்றினேன். இப்போது வரிசை குலைந்துவிட்டது. வரிசை குலைந்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். இதற்கெல்லாம் யார் சட்டம் போட்டது என்று கேட்காதீர்கள், என் உடம்புதான் போட்டது. இரண்டாம் சுற்றில் இடது பக்கம் கூடிவிட்டது. அதைச் சரிப்படுத்த மூன்றாம் சுற்று. டொக்டர் அம்மா சொன்ன எல்லாம் நினைவில் இருந்தது. உணர்வு கத்தட்டும், பதில் சொல்லவேண்டாம் என்பார். அதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வாளியை இறக்கினேன். கை தன்பாட்டில் அள்ளியது.

“விடுங்கோ ஐயா, பிள்ளை ஆசைதீரக் குளிக்கட்டும். இந்தக் காலத்தில ஆர் இப்பிடிச் செய்யினம்?” என்று சித்தப்பா குருக்களிடம் சொல்வது கேட்டது. குருக்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாலினி சுவரோரம் துவாயோடு நின்றாள். அவளைப் பார்த்து, “சரியா?” என்று உதட்டை அசைத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று முதுகிலேயே தெரிந்தது.

அப்போது எனக்குப் பின்னால், முதற்கிணற்றில் வாளி விழும் சத்தம் கேட்டது. திரும்பினேன். கந்தளாய்க்காரர், எனக்குப் பின்னாலேயே ஏழையும் முடித்துக்கொண்டு வெளியே போனவர், திரும்பி வந்து முதலிலிருந்து அள்ளிக்கொண்டிருந்தார். என் பார்வையைக் கண்டதும் வாளியைப் பிடித்தபடி கிட்ட வந்தார்.

“அண்ணை, எத்தினை சுத்து? நான் ஒண்டோட விட்டிட்டன். எங்கட ஆக்களுக்கு இதொண்டும் வடிவாத் தெரியாது. அம்மாக்குக் குறை வந்திடுமோ?”

அந்தக் கண்களை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிற கண்கள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்த பதில் ‘மூன்று’ என்பதுதான். மூன்று சுற்று என்று சொன்னால் சித்தப்பா தலையாட்டுவார், என் வருத்தம் யாருக்கும் தெரியாது, மூன்றாம் சுற்றையும் நிம்மதியாக முடிக்கலாம். அவர் ஊருக்குப் போய் மற்றவர்களுக்கும் சொல்வார். இன்னும் சில வருஷத்தில் கந்தளாயிலிருந்து வருகிற எல்லோரும் மூன்று சுற்றுச் சுற்றுவார்கள், ஏன் என்று யாருக்கும் தெரியாது. அவர் தன் வாளியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீங்கள் முதல் சுத்து முடிச்சாப்பிறகு எப்பிடி இருந்தது?” என்று கேட்டேன்.

“எப்பிடியெண்டா... கடைசி வாளி ஊத்தேக்க அழுகை வந்தது. பிறகு லேசா இருந்தது. சரி, அம்மாவை அனுப்பியாச்சுது எண்டு இருந்தது. உங்களைக் கண்டாப்போலதான் சந்தேகம்.”

எனக்கு அவர்மேல் அப்படி ஒரு பொறாமை வந்தது.

“அப்ப முடிஞ்சுது. ஒரு சுத்துக் காணும்” என்றேன். காணும் என்றால் எங்களூரில் போதும் என்று அர்த்தம். “நான் சுத்தினது முறை இல்லை. எனக்கொரு வருத்தம் இருக்கு. செய்து முடிச்சாலும் முடிஞ்ச மாதிரி உடம்புக்குத் தெரியாது. அதாலதான் திரும்பத் திரும்ப ஊத்துறன். நீங்கள் என்னைப் பாத்துச் செய்யாதையுங்கோ.”

சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. சித்தப்பாவும் குருக்களும் திரும்பிப் பார்த்தார்கள். சிவராசாவுக்கு எவ்வளவு விளங்கியது என்று தெரியாது. வாளியைக் கட்டின்மேல் வைத்துவிட்டு, “அப்ப நீங்களும் வாங்கோவன் அண்ணை” என்று சொல்லிப் படியேறினார்.

நான் மூன்றாம் சுற்றில் சூடான கிணற்றுக்கு முந்திய கிணற்றில் நின்றேன். வாளியில் தண்ணீர் இருந்தது. நிறுத்தக்கூடாத இடம் என்றால் அதுதான். வலது தோள் கத்தியது. வாளியைத் தண்ணீரோடு அப்படியே கட்டில் வைத்தேன். அவருக்குப் பின்னால் நடந்தேன்.

மாலினி துவாயை விரித்து என் வலது தோளில் போட்டாள். இடது பக்கம் இழுத்துவிடவில்லை. நான் இழுத்துவிடுவேனா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாவாக இருந்தால் மற்றத் தோளையும் தொட்டிருப்பார் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. முப்பத்தொரு நாளாக வராத அழுகை அந்த இடத்தில் வந்தது. நன்றாக அழுதேன்.

வானில் ஏறியதும் சித்தப்பா பிண்டத்தை மடியில் வைத்துக்கொண்டார். நகர எல்லை வந்த பிறகு, “வருத்தமெண்டா முதலே சொல்லியிருக்கலாமே. நான் பாசம் எண்டு நினைச்செல்லோ வெயிலுக்க நிண்டனான்” என்றார். பிறகு, “பாசமும் இருக்கும்தானே?” என்று கேட்டார். ஓம் என்றேன். நிஸார் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். பிண்டத்தைக் கடலில் கரைத்துவிட்டு, பத்தேகாலுக்கு வீட்டுக்கு வந்தோம்.

அந்த உணர்வு போய்விட்டது என்று எழுதினால் நல்ல முடிவாக இருக்கும். போகவில்லை. வீட்டுக் கிருத்தியம் முழுவதும் இருந்தது. பந்தியில் நான் சோறு போட்டேன். ஒவ்வொருவரும் இலைக்குமேல் கையைக் காட்டி “காணும், காணும்” என்றார்கள். எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள் என்று பார்த்தபடி போட்டுக்கொண்டு போனேன். பின்னேரம் மாலினியும் நானும் உட்துறைமுகக் கரையில் போய் நின்றோம். இந்த ஊரில் தெருவிலேயே திரியும் மான்களில் இரண்டு வேலியோரம் மேய்ந்தன. தூரத்தில் ஓர் இழுவைப் படகு சரக்குக் கப்பலொன்றைத் திருப்பிக்கொண்டிருந்தது.

“இப்பவும் இருக்கோ?” என்று கேட்டாள்.

“இருக்கு. காலமையைவிடக் குறைவு.”

கப்பல் திரும்பி முடியும்வரை நின்றுவிட்டு வந்தோம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலை ஏழுக்கு முன்னால் போய்விடுங்கள், ஒன்பது மணிக்குச் சுற்றுலாப் பஸ்கள் வந்துவிடும். திறக்கும் நேரமும் நுழைவுக் கட்டணமும் மாறுவதால் முதல்நாளே விசாரியுங்கள். மாற்றுடுப்பும் வழுக்காத செருப்பும் தேவை. கிரியைக்குப் போகிறவர்கள் குருக்களோடு நேரத்தை முன்கூட்டியே பேசிவையுங்கள். என்னைப் போன்றவர்கள், ‘சரியா’ என்று கேட்டால் பதில் சொல்லாமல் நிற்கக்கூடிய ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அப்படி ஒருவர் கிடைப்பது வான் கிடைப்பதைவிடக் கஷ்டம். உங்கள் டொக்டரிடமும் முன்பே பேசுங்கள்.

எத்தனை சுற்று என்று கேட்டால், ஒன்று. எப்படித் தெரியும் என்று கேட்டால், என் உடம்பிலிருந்து அந்தச் செய்தி இதை எழுதும்வரை வந்து சேரவில்லை. ஆனால் கந்தளாய்க்காரர் ஒருவர் தன் தாயை ஒரே சுற்றில் அனுப்பிவிட்டுப் படியேறினார். அவரை நம்பித்தான் நானும் வாளியை வைத்துவிட்டு வந்தேன்.